ஒரு பானைச் சோற்றுக்குத்தான் ஒரு சோறு பதம்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கம் மட்டும் இங்கே.

காவேரிப்பட்டணத்தில் வீடு. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து மூடி வைத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறார். படுக்கப் பதினொன்று ஆகிவிடும். "முன்பு இப்படி இல்லை. இப்போது யார் என்ன செய்தாலும் எரிச்சல் வருகிறது. ஆனால் ஒன்று, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லையா?" என்கிறார்.

நான்கு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். தினமும் அதே பஸ்ஸில் வரும் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர்: நிமிடத்துக்கு ஒரு முறை தொண்டையைக் காறுகிறார், பல்லெல்லாம் பழுப்பு, ஜன்னல் ஷட்டரை இறக்கச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "புகையிலை போட்டுப் போட்டுத் திமிரேறிய ஆள்." ஓசூர் பஸ் ஸ்டாண்டில் "நீ தள்ளு" என்ற வடமாநிலப் பையன். பஸ்ஸில் சத்தமாகப் போன் பேசி, பிறகு இயர்போன் இல்லாமல் வீடியோ பார்த்த இளம்பெண். அவளைப் படமெடுத்து, "வளர்ப்பு சரியில்லாத ஜென்மம்" என்று எழுதி 62 பேர் உள்ள ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அவள் உடன் வேலை செய்பவரின் நாத்தனார் என்று மறுநாள் தெரிந்தது. மூன்று வாரமாகிறது, அந்தத் தோழி சாப்பாட்டு மேசையை மாற்றிக்கொண்டுவிட்டார்.

நான்காமவர், தங்கைக்குப் பாலக்கோட்டிலிருந்து வந்த வரன். டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சிக் குடித்தார், வாயைத் திறந்து மென்றார். வாசகி அன்றிரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா, "டீ குடிக்கிற சத்தத்துக்காடி ஒரு சம்பந்தத்த விடுவாங்க?" என்கிறார். தங்கை அதற்குப் பிறகு சரியாகப் பேசுவதில்லையாம்.

கேள்விகள் மூன்று. எனக்கு இருப்பது சில ஓசைகளைத் தாங்க முடியாத மிசோஃபோனியா என்ற நோயா? குரூப்பில் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டால் அதுவே எனக்கு எதிராகக் கேஸாகுமா? வரனை வேண்டாம் என்றது தவறா?

அன்புச் சகோதரி,

உங்கள் பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துப் பானையை இறக்க முடிகிறதே, ஏன்? அரிசியெல்லாம் ஒரே மூட்டை. ஒரே தண்ணீரில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்தது. புது அரிசியையும் பழைய அரிசியையும் கலந்து உலையில் போட்டால் அந்தப் பதம் பொய்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். கம்பெனியில் ஒரு லாட்டில், அதாவது ஒன்றாக ஓடிய ஒரு தொகுதியில், எடுத்த சாம்பிளை வைத்து, வேறு மெஷினில் வேறு ஷிஃப்டில் ஓடிய பாகத்துக்கு ரிஜெக்ட் சீட்டு ஒட்டுவீர்களா? ஒரு மனிதரின் ஆறேகால் மணி பஸ் முகம் ஒரு லாட். வீட்டில், வேலையில், நோயாளியின் படுக்கைப் பக்கத்தில் அவர் இருப்பது வேறு வேறு லாட். நீங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று.

அதற்காக உங்கள் எரிச்சல் பொய் என்று சொல்லவில்லை. அடுத்தவர் போன் பேச்சு காதைக் குடைவதற்குக் காரணம் உண்டு. இரண்டு பேர் பேசுவதைக் கேட்பதைவிட, ஒருவர் பக்கம் மட்டும் கேட்கும் பேச்சு கவனத்தை அதிகம் சிதறடிக்கும் என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த சொல் என்ன என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கும். மறுமுனை கேட்காததால் அந்த ஊகம் முடிவதே இல்லை. அந்தப் பெண் கத்தியதற்கும் காரணம் உண்டு. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம் குரல் தானாகவே உயரும். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இல் கவனித்துச் சொன்னது இது. பஸ் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் உங்கள் குரலும் மூன்று சீட் தாண்டிக் கேட்கும்.

எரிச்சல் வரை சரி. அதற்கு அடுத்த படியில்தான் சறுக்குகிறீர்கள். "சத்தம் தாங்க முடியவில்லை" என்பது உங்களைப் பற்றிய உண்மை. "வளர்ப்பு சரியில்லை" என்பது நீங்கள் பார்க்காத ஒரு வீட்டைப் பற்றிய தீர்ப்பு. நாம் லேட்டானால் பஸ் வரவில்லை என்போம், அடுத்தவர் லேட்டானால் பொறுப்பில்லை என்போம். இந்தச் சாய்வுக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் ஒரு பெயரே வைத்தார். அதற்கு முன்பே, 1973இல், அமெரிக்காவில் பாதிரியார் படிப்பு மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர்களை அனுப்பி, வழியில் ஒருவரை முனகியபடி சுருண்டு கிடக்க வைத்தார்கள். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். எல்லோரும் ஒரே படிப்பு. இவ்வளவு வித்தியாசம் செய்தது கடிகாரம். காலை ஓசூர் பஸ்ஸில் முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறுகிறவரைப் பார்க்கும்போது இந்த 10 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர்

அவர் யார், என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களுக்கும் திமிரைத் தவிர வேறு விளக்கங்கள் நம் மாவட்டங்களிலேயே கொட்டிக் கிடக்கின்றன.

பழுப்புப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அடியில் இருக்கும் பாறையிலிருந்து கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எட்டு வயதுக்குள், பல்லின் மேற்பூச்சு உருவாகும் காலத்தில், அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குப் பல் வெளியே வரும்போதே சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டோ, குறுக்காகப் பழுப்புப் பட்டையோ இருக்கும். எந்தப் பற்பொடியாலும் போகாது. புகையிலைக் கறை மேலே படிவது. பெரும்பாலும் ஈறோரத்திலும் கீழ்ப்பல்லின் உட்புறத்திலும் சேரும், பல் டாக்டர் சுத்தம் செய்தால் பெருமளவு போய்விடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஐம்பது வயதுக்காரரின் பல் அதற்கெல்லாம் பல பத்தாண்டு முன்பே முளைத்தாகிவிட்டது. இந்தப் பல்லுக்காகவே வாயைப் பொத்திச் சிரிக்கும் பெண்களை நம் ஊரில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களை யாரும் புகையிலைக்காரி என்பதில்லை. ஆண்களை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

அதே தண்ணீர் வருடக்கணக்கில் உள்ளே போனால் எலும்பிலும் படியும். கழுத்தும் முதுகும் விறைத்து, பின்னால் பார்க்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும். கல் அறுக்கும், பாலிஷ் போடும் இடத்தில் காலம் தள்ளியவராக இருந்தால் காதும் போயிருக்கலாம். இரைச்சலால் கெடும் காதில் முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். பின்சீட்டிலிருந்து, எஞ்சின் ஓசைக்கு நடுவில் ஒரு பெண் குரல் கேட்பது அவருக்குக் கஷ்டம். தோளை லேசாகத் தொட்டோ, முன்னால் குனிந்து முகம் தெரியும்படியோ ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அப்போதும் இறக்காவிட்டால் காற்று வேண்டும் என்கிறார் என்று அர்த்தம். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு.

தொண்டைக் காறலுக்கு மூக்கிலிருந்து தொண்டைக்குள் இறங்கும் சளி, நெஞ்சுக்கு ஏறும் அமிலம், தூசி என்று பல காரணம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகளும் சிலருக்குத் தொண்டையில் அரிப்பும் வறட்டு இருமலும் தரும். காறக் காறத் தொண்டை மேலும் புண்ணாகி இன்னும் காறத் தோன்றும். அந்தச் சுற்றிலிருந்து தானாக வெளியே வருவது சுலபமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சளியோடு இருமல் என்றால் யாராக இருந்தாலும் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தனிக் கதை. அந்தக் கவலை இருந்தால் ஜன்னல் திறந்திருப்பது உங்களுக்கே நல்லது. ஷட்டரை இறக்கச் சொல்லாதீர்கள்!

"நீ தள்ளு"

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் பையன் தமிழைப் புத்தகத்தில் கற்பதில்லை. தன்னிடம் பேசப்படும் தமிழையே கற்கிறான். சூப்பர்வைசரும் மேஸ்திரியும் அவனிடம் "நீ வா, நீ எடு, நீ தள்ளு" என்றுதான் பேசியிருப்பார்கள். "தள்ளிக்கிறீங்களா" என்று அவனிடம் யாரும் பேசாதபோது அந்தச் சொல் அவன் வாயில் எப்படி வரும்? ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளவர்கள் பேசும் தமிழிலும் இப்படி மரியாதை விகுதி நழுவும். கோபம் இருந்தால், "தம்பி, 'தள்ளுங்க'ன்னு சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுங்கள். அடுத்த ஆளுக்கு உபயோகப்படும்.

நோயா?

மிசோஃபோனியா என்ற சொல் 2001இல் உருவானது. அதன் வரையறையில் நிபுணர்கள் ஒருமித்தது 2022இல்தான். மெல்லுவது, உறிஞ்சுவது, மூச்சிழுப்பது போன்ற குறிப்பிட்ட ஓசை கேட்ட நொடியே நெஞ்சு படபடக்கும், கை இறுகும், ஓடிவிடத் தோன்றும். பெரும்பாலும் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ தொடங்கும். வீட்டு மனிதர்கள் எழுப்பும் சத்தம்தான் பலருக்கு மிக மோசமாக இருக்கும். நீங்களோ, அப்பாவின் குறட்டையும் பையன் அப்பளம் கடிப்பதும் தொந்தரவில்லை என்றும், இந்த எரிச்சல் இரண்டு வருடமாகத்தான், அதுவும் வேலை நாளில்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தோடு இது சேரவில்லை. கடிதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்றாலும், முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் தூக்கத்தை. இரவு பதினொன்றிலிருந்து நாலரை என்றால் ஐந்தரை மணி நேரம்; வாரத்தில் ஆறு நாள். அதோடு ஒன்பது மணி வரை வெறும் வயிறு. இந்த நிலையில் யாருக்கும் பொறுமை குறையும்.

கிளம்பும் முன் ஒரு டம்ளர் ராகிக் கூழ் குடியுங்கள். மறுநாள் காய்கறியை இரவே நறுக்கித் தருவது வீட்டில் வேறு யாருடைய வேலையாகவாவது இருக்கட்டும். அரை மணி முன்னதாகப் படுக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் காதடைப்பான் கேட்டு வாங்குங்கள். விரலால் மெல்லிய திரிபோல உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து உள்ளே விட்டு, உப்பும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பலர் உருட்டாமல் திணித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். ஜன்னல் பக்கக் காதுக்கு வேண்டாம். கண்டக்டர் குரல் கேட்க வேண்டும். ஆறு வாரம் இப்படிச் செய்தும் எரிச்சல் குறையாவிட்டால், அல்லது வீட்டுச் சத்தங்களும் தாங்க முடியாமல் போனால், மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள். தைராய்டு, ரத்தச் சோகைப் பரிசோதனையும் சேர்த்தே செய்துகொள்ளலாம்.

ஒரு பயிற்சியும் உண்டு. வாரத்துக்கு மூன்று பேர் போதும். யாராவது எரிச்சலூட்டினால் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில் ஒரு கேமரா பதிவு செய்திருக்கக்கூடியது மட்டும். இரண்டாவது வரியில் நீங்கள் சேர்த்தது. இதில் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்தான். "அசிங்கமாகக் காறினார்" என்று முதல் வரியில் எழுதுவார்கள். "காறினார்" முதல் வரி. "அசிங்கமாக" இரண்டாவது வரி.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

மேலே சொன்னதெல்லாம் பழக்கங்களுக்கு. சாய்ந்து உரசுவது, காலால் தொடுவது, முறைத்துக்கொண்டே இருப்பது, அனுமதியில்லாமல் படமெடுப்பது பழக்கத்தில் சேராது. அங்கே காரணம் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். பெண் பயணிகளைத் தொந்தரவு செய்பவரை நடத்துனர் இறக்கிவிடவும் போலீசில் ஒப்படைக்கவும் தமிழக மோட்டார் வாகன விதிகளில் 2022இல் வழி செய்யப்பட்டது. பெண்கள் உதவி எண் 181.

படமெடுப்பது என்ற சொல்லை மீண்டும் ஒரு முறை படியுங்கள். இந்தக் கடிதத்தில் அதைச் செய்தவர் நீங்கள்.

குரூப்பில் போட்ட படம்

"பெயர் போடவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் தெரிந்தால் அவதூறுதான். "நடந்ததைத்தானே போட்டேன்" என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. உண்மையாக இருந்தாலும் பொதுநலனுக்காகச் சொன்னது என்று காட்ட வேண்டும். அதிலும் "ஜென்மம்" உண்மை விவரம் இல்லை, வசை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இதற்கு 2 ஆண்டு வரை சாதாரணச் சிறையோ, அபராதமோ, இரண்டுமோ, சமூக சேவையோ விதிக்கலாம். பயந்துவிடாதீர்கள். போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடும் குற்றமில்லை இது. அந்தப் பெண்தான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தர வேண்டும், சமாதானமாகவும் முடித்துக்கொள்ளலாம். ஒருவேளை நோட்டீஸ் வந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார்.

மன்னிப்பே ஆதாரமாகிவிடும் என்ற அச்சம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆதாரம் ஏற்கெனவே 62 போன்களில் இருக்கிறது. மூன்று வாரம் ஆனதால் "எல்லோருக்கும் அழி" இனி வேலை செய்யாது. எனவே முதலில் தோழியிடம் நேரில், தனியாகப் போங்கள். "உங்க நாத்தனார்னு தெரியாது" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். வேறு யாராவது என்றால் பரவாயில்லையா என்றுதான் அது காதில் விழும். இப்படிச் சொல்லலாம்: "நான் அவங்கள படம் எடுத்ததே தப்பு. அதுல எழுதினது அதைவிடத் தப்பு. குரூப்லயே சொல்லிடறேன். அவங்ககிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும், அவங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க." சம்மதமில்லை என்றால் விட்டுவிடுங்கள், வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். குரூப்பில் மூன்று வரி போதும்: படம் போட்டது என் தவறு, எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், தயவுசெய்து எல்லோரும் அழித்துவிடுங்கள். விளக்கம் சேர்த்தால் சண்டை மறுபடி தொடங்கும்.

இனி பஸ்ஸில் கேட்க வேண்டியிருந்தால் முதல் இரண்டு நிமிடத்திலேயே கேளுங்கள். பத்து நிமிடம் "ச்சு" கொட்டிவிட்டுக் கேட்கும் குரலில் சூடு ஏறியிருக்கும். ஊருக்குக் கேட்கும்படி "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று ஆரம்பித்தால் அவள் முகத்தைக் காப்பாற்றவாவது சத்தத்தைக் கூட்டுவாள். "பாப்பா, தலைவலிக்குது, கொஞ்சம் சவுண்டு குறைச்சுக்கிறியாம்மா" என்று சொல்லிவிட்டு உடனே முகத்தை முன்னால் திருப்பிக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் குறைக்கச் சங்கடப்படுவார்கள். கேட்காவிட்டால் கண்டக்டரிடம் சொல்லுங்கள். இரண்டாம் முறை நீங்களே போக வேண்டாம்.

தங்கையின் வரன்

வாயைத் திறந்து மெல்லுபவர்களில் மூக்கடைப்பு உள்ளவர்களும் உண்டு. மூக்குத் தண்டு வளைந்து மூக்கு அடைத்திருந்தால் மெல்லும்போது மூச்சுக்கு வாய்தான் வழி. சாஸரில் ஊற்றினால் டீ பரந்து சீக்கிரம் ஆறும். பெண் வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கொதிக்கும் டம்ளரோடு ஒருவர் வேறென்ன செய்வார்? போகட்டும், வெறும் பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். திருமணத்துக்கு முன் பார்க்க வேண்டியவற்றில் அது எத்தனையாவது? குடி, கடன், வேலை உண்மையா, தட்டு எடுத்து வந்தவரிடம் எப்படிப் பேசினார், தன் அம்மா சொன்னதை மறுக்கத் தெரிந்ததா, பெண் வேலைக்குப் போவது பற்றி என்ன நினைக்கிறார்: இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. நாற்பது நிமிடத்தில் காதில் விழுந்ததை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

தரகர் மூலம் இன்னொரு முறை கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. "அவசரப்பட்டுச் சொல்லிட்டோம், பிள்ளைங்க ஒரு மணி நேரம் பேசிப் பார்க்கட்டும்" என்று அம்மா சொன்னால் போதும். அவர்கள் வேறு இடம் பார்த்திருந்தால் அதோடு முடிந்தது.

ஆனால் தரகருக்குப் போன் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பையனைப் பற்றி நீங்கள் நினைத்தது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது. தங்கைக்கு அவரைப் பிடித்ததா என்று ஒரு வரி இல்லை. அவள் சரியாகப் பேசுவதில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவளிடமே கேளுங்கள்.